அம்மாவின் இட்லியும் ஃப்ரிட்ஜில் ஒட்டிய பட்டியலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் புனேயில் பொட்டி தட்டிப் பிழைப்பவன், மருத்துவன் இல்லை. மருத்துவனாக நடிக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைதான் இது. கூடவே கொஞ்சம் சரித்திரமும் இருக்கிறது. நடந்து முடிந்த பிறகு, "இந்தப் பட்டியலை எந்தப் புண்ணியவான் எழுதினான்?" என்று தேடிப் படித்ததில் கிடைத்த சரித்திரம்.

போன மழைக்காலத்தில் அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்து எங்களோடு இருந்தாள். வயது 71. ஆஸ்துமா உண்டு, காலையும் இரவும் இன்ஹேலர். புனே மழை தெரியும்தானே, ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை துணி காயாது, சுவரில் பூஞ்சணம் பூக்கும். ஒருநாள் அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எய்யா, நாக்குல மாவு பூத்தாப்ல இருக்கு, ஒரு ருசியும் தெரியல" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

நம்மிடம்தான் இணையம் இருக்கிறதே! அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன்: கேண்டிடா. அது சரியாகத்தான் இருந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் கண்டுபிடித்ததுதான் வினை. 'கேண்டிடா க்ளென்ஸ்' என்று ஒரு உணவுப் பட்டியல். இரண்டு பத்தி, சாப்பிடலாம், சாப்பிடக்கூடாது. சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் கூடாது. பழம் எதுவும் கூடாது. அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு கூடாது. ஈஸ்ட் போட்ட ரொட்டி, வினிகர், காளான், நிலக்கடலை, புளிக்கவைத்த எதுவும் கூடாது. முட்டை, மீன், கீரை, சுரைக்காய், பூண்டு, தேங்காய் எண்ணெய் சாப்பிடலாம். பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

"மொதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறமா பத்தியம் வைங்களேன்" என்றாள் மனைவி. வாய்ப்புண்ணுக்கெல்லாமா டாக்டர் என்று நான்தான் அடக்கினேன்.

அம்மாவுக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். "இட்லில என்னய்யா பாவம் இருக்கு? இட்லி தின்னா வாயில காளான் மொளைக்குமாக்கும்?" சிரித்துக்கொண்டே அவள் கேட்ட அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் மகன் சொல்கிறானே என்று இட்லியை விட்டாள், கருப்பட்டிக் காப்பியை விட்டாள், ராத்திரி சாப்பிடும் ஒற்றை வாழைப்பழத்தையும் விட்டாள். கீரையையும் முட்டையையும் வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஓட்டுவது? பாதி நாள் பசியே இல்லை என்று எழுந்துவிடுவாள். உடம்பிலிருந்து நஞ்சு வெளியேறும்போது முதலில் சோர்வாகத்தான் இருக்கும் என்று அந்தப் பட்டியலின் கீழேயே போட்டிருந்தது. நானும் அதை நம்பினேன்.

ஐந்தாவது வாரம். விடியற்காலை குளியலறை வாசலில் கண் இருட்டிக்கொண்டு வர, கதவைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தலை நிலையில் இடிக்க ஒரு சாண்தான் பாக்கி. எடை 52லிருந்து 48க்கு இறங்கியிருந்தது. பிபி மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டு வந்திருக்கிறாள். சாப்பாடு பாதியாய்க் குறைந்ததில் ரத்த அழுத்தம் தாறுமாறாக இறங்கிவிட்டது. வாயிலிருந்த வெள்ளை? அது அப்படியேதான் இருந்தது.

டாக்டர் வாயைப் பார்த்தார், மருந்துப் பையைக் கொட்டச் சொன்னார், இன்ஹேலரை எடுத்துக்கொண்டு இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்: "இதை இழுத்ததுக்கு அப்புறம் வாய் கொப்பளிச்சுத் துப்புவியாம்மா?"

"அது எதுக்கு? மருந்து கரைஞ்சு போயிராதா?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் விஷயம். இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு. நுரையீரலுக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது. அந்த இடத்தில் உடம்பின் காவல் தளர, ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் கேண்டிடா பெருகிவிடுகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் சந்தைக்கு வந்தது 1972இல். வந்த கொஞ்ச காலத்திலேயே டாக்டர்களுக்குத் தெரிந்துபோன பக்கவிளைவு இது. மருந்தை இழுத்ததும் கொப்பளித்துத் துப்ப வேண்டும், நடுவில் ஸ்பேசர் குழாய் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். க்ளோட்ரிமசோல் மவுத் பெயிண்ட் எழுதிக்கொடுத்தார். பத்தே நாளில் நாக்கு சிவந்துவிட்டது.

நான் ஒட்டி வைத்த பட்டியலைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

இந்தப் பூஞ்சையின் மேல் தப்பான பழி விழுவது ஒன்றும் புதிதல்ல. 1839இல் ஜெர்மானிய மருத்துவர் லாங்கன்பெக், காய்ச்சலில் இறந்த ஒருவரின் வாயிலும் தொண்டையிலும் படிந்திருந்த வெள்ளையில் இதைக் கண்டார். அந்தக் காய்ச்சலுக்கே இதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார். முதல் அறிமுகமே தப்பு வழக்கு! அதன்பிறகு ஊர்பேர் தெரியாத ஆசாமி மாதிரி எத்தனையோ பெயர்களில் உலவியது. 1923இல் உட்ரெக்ட் நகரில் கிறிஸ்டின் பெர்க்கவுட் என்ற டச்சுப் பெண்மணி தன் முனைவர் பட்ட ஆய்வில் 'கேண்டிடா' என்று தனிப் பேரினம் ஆக்கினார். கேண்டிடா என்றால் லத்தீனில் வெள்ளை, அல்பிகன்ஸ் என்றாலும் வெண்மையாவது. வெள்ளை வெளேர் என்று நாம் சொல்கிற மாதிரி :-)

அடுத்து வந்தது ஆன்டிபயாடிக் காலம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து சாப்பிட்டவர்களுக்கு, காலியான இடத்தில் பூஞ்சை பெருகியது. அதற்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்த இரண்டு பெண்கள். எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரத்தில், ரேச்சல் பிரவுன் ஆல்பனியில். மண் மாதிரிகளில் வளர்த்ததைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துத் தபாலில் அனுப்பிக்கொண்டே ஆராய்ந்தார்கள். வர்ஜீனியாவில் ஒரு நண்பரின் பண்ணை மண்ணில் கிடைத்தது மருந்து. 1950இல் அறிவித்தார்கள். மாநிலத்தின் பெயரையே சேர்த்து நிஸ்டாடின் என்று வைத்தார்கள். கிடைத்த ராயல்டி 1.3 கோடி டாலருக்கு மேல். அத்தனையையும் அறிவியல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். 1966இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் வெள்ளம் வந்து ஓவியங்களில் பூஞ்சணம் பிடித்தபோதும் இந்த மருந்தைத்தான் பயன்படுத்தினார்கள். இவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இதுவரை எல்லாம் ஒழுங்கான கதை. பட்டியல் பிறந்தது இதற்குப் பிறகு.

அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ஓரியன் டிரஸ் என்ற மருத்துவர். சிலருக்குக் கேண்டிடா வெளியே தெரியும் புண்ணாக வராமல், உள்ளுக்குள்ளேயே இருந்து சோர்வு, தலைவலி, மனச்சோர்வு என்று உடம்பு முழுவதையும் படுத்துகிறது என்று 1978இல் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டவர் டென்னசி மாநிலத்துக் குழந்தை மருத்துவர் வில்லியம் குரூக். 1983இல் அவர் போட்ட 'தி ஈஸ்ட் கனெக்‌ஷன்' புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அதில் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. ஆன்டிபயாடிக் சாப்பிட்டதுண்டா? இனிப்பின் மேல் ஆசை வருமா? ஈர நாட்களில் உடம்பு மோசமாகிறதா? சென்ட் வாசனை ஒத்துக்கொள்ளாதா? மழைக்காலத்து புனேயில் யாரை நிறுத்திக் கேட்டாலும் பாஸ்தான்.

சிகிச்சைக்கு அவர் சொன்னது நிஸ்டாடினும் உணவுக் கட்டுப்பாடும். நான் ஃப்ரிட்ஜில் ஒட்டியது அந்தக் கட்டுப்பாட்டின் பேரனோ கொள்ளுப்பேரனோதான். அதற்குள் இரண்டு எண்ணங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஈஸ்டுக்குச் சர்க்கரை தீனி, அதனால் சர்க்கரையை நிறுத்து. இன்னொன்று, உடம்பில் ஈஸ்ட் இருப்பவருக்கு உணவில் உள்ள ஈஸ்டும் பூஞ்சையும் ஒத்துக்கொள்ளாது, அதனால் ரொட்டி, வினிகர், பாலாடைக்கட்டி, காளானை நிறுத்து. ரொட்டி ஈஸ்ட் வேறு, வாயில் பூக்கும் கேண்டிடா வேறு. சொந்தக்காரர்கள் என்பதற்காக ஒருவர் செய்த தப்புக்கு இன்னொருவரை உள்ளே வைப்பதா?

இதில் வேடிக்கை, 1990களில் டானா கேட்ஸ் என்பவர் 'பாடி எக்காலஜி' என்ற பெயரில் கேண்டிடாவுக்கு எதிராக இன்னொரு உணவு முறையைக் கொண்டுவந்தார். அதில் புளிக்கவைத்த காய்கறியும் கெஃபிரும்தான் மருந்தே! குரூக் விலக்கியது இங்கே அமிர்தம். இன்று இணையத்தில் திரியும் பட்டியல்களில் இரண்டும் கலந்து கிடப்பதால், ஒன்றில் தயிர் கூடாது, இன்னொன்றில் தயிர் அவசியம்.

மருத்துவ உலகம் சும்மா இருக்கவில்லை. 1986இல் அமெரிக்க அலர்ஜி மருத்துவர்களின் அகாதெமி, இந்த நோய்க் கருத்து ஊகம், நிரூபிக்கப்படாதது என்று அறிக்கை விட்டது. சொல்லப்படும் அறிகுறிகள் ஏதாவது ஒரு சமயம் எல்லா நோயாளிக்கும் பொருந்தும் என்றது. 1990இல் டிரஸ்ஸின் ஊரான பர்மிங்ஹாமிலேயே, இந்தப் பிரச்சினை இருப்பதாகக் கருதப்பட்ட 42 பெண்களிடம் நிஸ்டாடினையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறப்புறுப்பு அரிப்பு போன்ற நேரடித் தொற்றின் தொல்லை மருந்தில் குறைந்தது. சோர்வு, மனச்சோர்வு விஷயத்தில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் பெரிய வித்தியாசமில்லை. உணவுக் கட்டுப்பாட்டைச் சேர்க்காமல் சோதித்தது தப்பு என்று குரூக் தரப்பு வாதிட்டது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2001இல் நார்வேயில் 116 பேரிடம் நடந்த நான்கு வாரச் சோதனையில் நிஸ்டாடின் எடுத்தவர்கள் கொஞ்சம் தேவலை என்றார்கள், சர்க்கரையும் ஈஸ்டும் தவிர்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் தேவலை என்றார்கள். என் கட்சிக்கு எதிரான சாட்சி என்பதால் மறைக்க விரும்பவில்லை. ஆனால் நான்கு வாரம், அதுவும் அவரவர் சொன்ன அறிகுறி மதிப்பெண். அதை வைத்து ஒரு கிழவியின் வாழைப்பழத்தைப் பிடுங்க முடியாது.

சர்க்கரைக் கதையை நேராகவே சோதித்தார்கள். 1999இல் ஜெர்மனியில் 28 ஆரோக்கியமானவர்களுக்குத் தினமும் கூடுதலாகச் சர்க்கரை கொடுத்து, வாயிலும் மலத்திலும் கேண்டிடா எண்ணிக்கையைப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. ரத்தத்தில் சர்க்கரை எகிறிக் கிடக்கும் சர்க்கரை நோயாளி விஷயம் வேறு. அவர்களுக்கு இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் டாக்டர் அம்மாவுக்கும் சுகர் டெஸ்ட் எழுதினார் (நல்லவேளை, நார்மல்). பட்டியலை ஒட்டின நான் அந்தச் சோதனையை யோசிக்கவே இல்லை பாருங்கள். எய்ட்ஸ், புற்றுநோய் மருந்து என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இதே பூஞ்சை ரத்தத்தில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதற்கெல்லாம் ஆஸ்பத்திரிதான், கீரை இல்லை.

தேங்காய் எண்ணெய்க்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். அதிலுள்ள காப்ரிலிக் அமிலம் சோதனைக் குழாயில் பூஞ்சையைத் தடுப்பது பழைய சேதி. 2015இல் அமெரிக்காவில் எலிகளுக்குத் தேங்காய் எண்ணெய் உணவு கொடுத்ததில் குடலில் கேண்டிடா குறைந்தது. அது எலி. நமக்குத் தேங்காய்ச் சட்னிக்கு இன்னொரு சாக்கு, அவ்வளவுதான்.

கடைசியாக இட்லி. அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் 1965லேயே இருந்திருக்கிறது. அதே நியூயார்க் மாநிலத்தில், ஜெனீவா என்ற ஊரிலிருந்த கார்னெல் ஆய்வகத்தில், இட்லி மாவைப் பொங்க வைப்பது யார் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. மாவில் ஈஸ்ட்களும் கொஞ்சம் இருக்கும்தான், ஆனால் பொங்க வைக்கும் வேலை முக்கியமாகப் பாக்டீரியாவுடையது. எப்படி இருந்தாலும் பத்து நிமிஷம் ஆவியில் வெந்த பிறகு உயிரோடு வந்து வாயில் குடியேற எந்த ஈஸ்டுக்கும் தெம்பு இருக்காது. நான் விரிவாக விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டே மூன்றாவது இட்லியைப் பிட்டாள். "அதத்தான நானும் சொன்னேன்."

தீபாவளிக்கு முன்னால் ஊருக்குப் போகும்போது 51 கிலோ. ஃப்ரிட்ஜிலிருந்த தாளைக் கிழிக்கப் போனேன், மனைவி விடவில்லை. இப்போது அதன் பின்பக்கத்தில் இஸ்திரிக்காரர் கணக்கு எழுதியிருக்கிறது. தினமும் காலை ஏழரைக்கு கோவில்பட்டியிலிருந்து போன் வரும். எடுத்ததும் முதல் வார்த்தை:

"எய்யா, கொப்பளிச்சுட்டேன்."