எட்டு மணி மாத்திரையின் கதை

நம் குடியிருப்பில் ஒரு நண்பர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். மாலையில் பூங்கா பெஞ்சில் பேசிக்கொண்டிருக்கும்போது சரியாக எட்டு மணிக்கு அவர் கைப்பேசியில் அலாரம் அடிக்கும். மாத்திரைக்காக எழுந்து போய்விடுவார். "நல்லாத்தானே சார் இருக்கீங்க, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று ஒருநாள் ஒருவர் கேட்டார். இதற்கான பதில் அந்தச் சிகிச்சையின் வரலாற்றில் இருக்கிறது.

1963 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல், மனிதருக்கான முதல் கல்லீரல் மாற்று சிகிச்சையை மூன்று வயதுக் குழந்தைக்குச் செய்தார். ரத்தப்போக்கு நிற்காமல் குழந்தை இறந்துவிட்டது. 1967இல், கல்லீரல் புற்றுநோய் கண்ட ஒன்றரை வயதுப் பெண் குழந்தை சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தாள். ஆனால் அதே புற்றுநோய் திரும்பி வந்தது. உடல் புதிய உறுப்பை ஏற்க மறுப்பது, பழைய நோய் திரும்புவது: இந்த இரண்டோடும்தான் அன்று முதல் போராட்டம்.

நம் நோய் எதிர்ப்பு சக்தி புதிய கல்லீரலை அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்குகிறது. அதை அடக்கும் மருந்து குறைந்தால் கல்லீரல் கெடும். கூடினால் தொற்று வரும். 1970களில் மூன்றில் ஒருவர் அளவுக்கே ஓராண்டு தாண்டினார்கள். நார்வே மண்ணிலிருந்த ஒரு பூஞ்சையில் கிடைத்த சைக்ளோஸ்போரின் மருந்தை 1978இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் ராய் கான் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1980களில் அது பரவியபோது ஓராண்டு தாண்டியவர்கள் சுமார் 70 சதவீதம் ஆனார்கள். ஜப்பானின் சுகூபா மண்ணில் 1984இல் கண்டறியப்பட்ட டாக்ரோலிமஸ்தான் இன்று பெரும்பாலானோரின் மாத்திரை.

நோய் திரும்புவதற்கும் வழிகள் பிறந்தன. யாருக்குப் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு குறைவு என்று கணிக்க, கட்டியின் அளவை வைத்து 1996இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் வரையறை தந்தார்கள். ஹெபடைடிஸ் சி கிருமி முன்பு அநேகமாக எல்லோருக்கும் திரும்பியது. 2013க்குப் பின் வந்த மாத்திரைகள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதைக் குணப்படுத்துகின்றன.

நம் நண்பரும் சென்ற ஆண்டு ரத்தப் பரிசோதனையில் சிக்கல் தெரிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். "ரிஜெக்‌ஷன்னு சொன்னதும், யாரோ குடுத்த உறுப்பை வீணாக்கிட்டேனோன்னு அழுதேன் சார்" என்றார். ஒரு வேளை மாத்திரைகூட அவர் தவறவிட்டதில்லை. உடல் தன் காவல் வேலையைச் செய்ததற்கு அவர் என்ன செய்வார்? சீக்கிரம் கண்டுபிடித்ததால் மருந்தை மாற்றியே சரிசெய்துவிட்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை சிறியவை. சளி, காய்ச்சல் இருந்தால் அவர் அருகில் போகாமல் இருக்கலாம். கல்லீரலுக்கு நல்லது என்று கஷாயம், நாட்டு மருந்து சிபாரிசு செய்ய வேண்டாம். அவை மாத்திரையின் அளவைக் குலைத்துவிடலாம். எட்டு மணிக்கு அவர் எழும்போது, பேச்சைப் பாதியில் நிறுத்தி வழிவிட்டாலே போதும்.