ரோடு முடியுற இடத்துல ஒரு வீடு: ஜோசி பாசெட்டின் கதை

இன்னிக்கு எபிசோடை ஒரு ரோடு முடியுற இடத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தோட கிழக்கு ஓரத்தில் டைனோசர் தேசிய நினைவுச்சின்னம்னு ஒரு பெரிய மலைப்பகுதி இருக்கு. டைனோசர் எலும்புகள் பாறையோட பாறையா பதிஞ்சு கிடக்கிற இடம். வர்றவங்க பெரும்பாலும் எலும்பைப் பார்த்து, செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. திரும்பாமல் கப் கிரீக்ங்கிற ஓடைப் பக்கம் போனால், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பாறையில் செதுக்கின பெரிய பெரிய பல்லி உருவங்கள் வரும். அதையும் தாண்டினால் ரோடு முடிஞ்சிடும். அங்கே மரக்கட்டையில் கட்டின ஒரு சின்ன வீடு. அந்த இடத்தில் ஒரு பெண் ஏறத்தாழ 50 வருஷம் வாழ்ந்தாங்க. அதில் பெரும்பகுதி தனியா. கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணி கிடையாது, போன் கிடையாது.

பேர் ஜோசி பாசெட் மோரிஸ். இணையத்தில் தேடினால் முதல்ல வர்றது என்ன தெரியுமா? "புட்ச் காசிடியோட காதலி." ரயில் கொள்ளைக்காரன் புட்ச் காசிடி, சினிமா எல்லாம் வந்ததே, அவரேதான். 90 வருஷம் வாழ்ந்த ஒரு மனுஷியை இளமையில் கூடச் சுத்தின ஒரு ஆளோட பேரால ஞாபகம் வெச்சிருக்கோம். அதை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். எனக்கு ஜோசி கதையில் முக்கியமாப் படுறது நிலம்தான்.

ஜோசி பிறந்தது 1874-ல், ஆர்கன்சாவில். 1878 வாக்கில் குடும்பம் பிரவுன்ஸ் பார்க்குக்கு வந்தது. பேரைக் கேட்டு பூங்கான்னு நினைச்சுடாதீங்க. கொலராடோ, யூட்டா, வயோமிங் மூணும் சந்திக்கிற இடத்துல இருக்கிற மலைப் பள்ளத்தாக்கு அது. ஒரு மாநில போலீஸ் வந்தால் குதிரையை அடுத்த மாநிலத்துக்குத் தட்டிவிடலாம். கொள்ளைக்காரங்களுக்கு அந்த ஊர் ஏன் பிடிச்சுதுன்னு இப்ப புரியுதா?

அந்த வருஷமே தங்கை ஆன் பிறந்தாங்க. அம்மா எலிசபெத்துக்குப் பால் சுரக்கலை. குழந்தைக்குப் பால் கொடுத்துக் காப்பாத்தியது யூட் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண். மூணே வருஷத்தில், 1881-ல், அந்த யூட் மக்களில் பெரும்பகுதியை ராணுவத்தை வெச்சு கொலராடோவில் இருந்து விரட்டினாங்க. கொஞ்ச நேரத்தில் "இலவச நிலம்"னு ஒரு விஷயம் பேசப்போறோம். அந்த நிலம் யாருகிட்ட இருந்து வந்ததுங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க.

பாசெட் வீட்டில் அப்பா புத்தகப் பிரியர், உடம்பு முடியாதவர். மாட்டுப் பண்ணையை நடத்தினது அம்மாதான். வீட்டில் இருந்த புத்தகங்களுக்காகவும் சாப்பாட்டுக்காகவும் எல்லாரும் வருவாங்க, கொள்ளைக்காரங்களும் சேர்த்து. அம்மா 1892-ல் நாற்பதைக்கூடத் தொடாமல் இறந்துட்டாங்க. அடுத்த வருஷம் ஜோசிக்குக் கல்யாணம்.

மொத்தம் அஞ்சு கல்யாணம். நாலு பேரை விட்டு விலகினாங்க, ஒருத்தர் இறந்துட்டார். இறந்தவருக்கு ஜோசிதான் விஷம் வெச்சாங்கன்னு ஊர் பேசிச்சு. வழக்கு எதுவும் வரலை. கடைசிக் கணவருக்கு வீட்டை விட்டுப் போக 15 நிமிஷம் கொடுத்தாங்களாம், அவர் 5 நிமிஷத்திலேயே போயிட்டாராம். இது அந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டே சொல்ற கதை.

இப்போ நிலத்துக்கு வருவோம். 1862-ல் ஹோம்ஸ்டெட் சட்டம்னு ஒண்ணு வந்தது. அரசு நிலத்தில் 160 ஏக்கர் வரைக்கும் கேட்கலாம். அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் பண்ணிக் காட்டணும். முதல்ல 5 வருஷம்னு இருந்ததை 1912-ல் 3 வருஷமாக் குறைச்சாங்க. முடிச்சால் நிலம் உங்க பேருக்கு வரும், நம்ம ஊர் பட்டா மாதிரி. இந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கு. 21 வயசு தாண்டிய கல்யாணமாகாத பெண் கேட்கலாம். கணவனை இழந்தவங்க கேட்கலாம். விவாகரத்தானவங்க கேட்கலாம். கணவனோட சேர்ந்து வாழ்ற மனைவி மட்டும் தன் பேரில் கேட்க முடியாது. தேசம் முழுக்கப் பெண்களுக்கு ஓட்டு 1920-ல்தான் வந்தது. நிலம் கேட்கிற உரிமை அதுக்கு ஏறத்தாழ 60 வருஷம் முன்னாடியே இருந்தது, புருஷன் கூட இல்லாத வரைக்கும்! ஊர் எதையெல்லாம் குறையாச் சொல்லிச்சோ, சட்டத்துல அதுதான் தகுதி.

ஜோசி கப் கிரீக்குக்கு வந்தபோது 40 வயசு நெருக்கம். அவங்க அந்த இடத்தை ஏன் எடுத்தாங்கன்னு நேர்ல போனால் உடனே புரியும். வீட்டுப் பக்கத்துல ஊற்று இருக்கு. பின்னாடி பெட்டி மாதிரி ரெண்டு பள்ளத்தாக்கு, மூணு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். திறந்திருக்கிற ஒரு பக்கத்தை மட்டும் வேலி போட்டு அடைச்சால் மாடு எங்கேயும் போகாது. ஒண்ணுல பன்றிகளை விட்டாங்க. அதுக்கு இன்னிக்கும் பன்றிப் பள்ளத்தாக்குன்னுதான் பேர். கோழி, வாத்து, காய்கறித் தோட்டம், பழ மரங்கள். கையில் காசு பெருசா இல்லை. மதுவிலக்கு வந்தபோது திருட்டுத்தனமாச் சாராயம் காய்ச்சி வித்தாங்க. வேட்டைக்குத் தடை இருந்த மாசங்களிலும் மான் அடிச்சாங்க. ரெண்டையும் ஊர்க்காரங்க பலருக்குத் தெரியும்.

1936-ல், 62 வயசுல, மாட்டுத் திருட்டு வழக்கு. பக்கத்துப் பண்ணைக்காரரோட மாட்டைக் கொன்னதாகக் குற்றச்சாட்டு. தோல் ஜோசி நிலத்திலேயே கிடைச்சதாம். வேணும்னே புதைச்சு என்னை மாட்டி விடுறாங்கன்னு ஜோசி சொன்னாங்க. எப்பவும் பேன்ட் போட்டு வேலை பார்க்கிறவங்க, கோர்ட்டுக்கு கவுன் போட்டுக்கிட்டு நரைச்ச பாட்டியா வந்து நின்னாங்க. தண்டனை கிடைக்கலை. திருடினாங்களா? என்னைக் கேட்டால், சாராயமும் மானும் ஒத்துக்கிற ஊர், மாட்டை மட்டும் ஏன் சந்தேகமா விட்டு வெச்சுதுன்னுதான் யோசிப்பேன்.

கோர்ட்டால் பறிக்க முடியாத நிலம் கடைசியில் ஒரு கையெழுத்தில் போச்சு. முதுமையில் ஒரு வியாபார முயற்சிக்காக நிலத்தை எழுதிக் கொடுத்தாங்க. முயற்சி படுத்துடுச்சு. காகிதத்தில் நிலம் போன பிறகும் ஜோசி அந்த வீட்டை விட்டுப் போகலை. கோடையில் பேரப்பிள்ளைகள் வருவாங்க. குளிர்காலத்தில் விறகு பிளக்கிறதும் பனியில் மாட்டுக்குத் தீனி போடுறதும் அவங்களே.

சுத்தி உலகம் மாறிச்சு. 1915-ல் எலும்பு கிடைச்ச இடத்தைச் சுத்தி வெறும் 80 ஏக்கரா இருந்த நினைவுச்சின்னம், 1938-ல் ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் விரிஞ்சது. டூரிஸ்டுகள் வந்தாங்க, பேட்டி எடுக்கறவங்க வந்தாங்க. அவங்க கேட்டது புட்ச் காசிடியைத்தான். 1908-ல் பொலிவியாவில் செத்ததாச் சொல்ற அந்த ஆள், அதுக்கு அப்புறமும் வந்து தன்னைப் பார்த்தார்னு ஜோசி சொன்னாங்க. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். 

1963 டிசம்பர்ல, 89 வயசுல, குதிரை இடிச்சுத் தள்ளி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சது. அடுத்த மே மாசம் இறந்துட்டாங்க. வீடு இன்னும் நிக்குது. பின்னாடி இருக்கிற ரெண்டு பள்ளத்தாக்குக்கும் நடந்தே போய்ப் பார்த்துட்டு வரலாம்.

பால் கொடுத்துக் காப்பாத்தப்பட்ட அந்தத் தங்கை ஆன்? அவங்க மேலயும் மாட்டுத் திருட்டு வழக்கு, அதுவும் ரெண்டு தடவை விசாரணை. அது அடுத்த எபிசோட்.