மலிவு வேட்டையும் விடுபட்ட கணக்கும்

இந்த ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் வேலந்தாவளம் கடைக்கே நேரில் வந்து கேட்டார். அப்போது என் மேசைமேல் ஒரு கணக்குத்தாள் கிடந்தது. அமெரிக்காவில் சீயாட்டில் நகரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் அனுப்பியது. அவனுடைய அலுவலக நண்பர்கள் நால்வர் அலாஸ்காவுக்குக் கரிபு வேட்டைக்குப் போகிறார்களாம். செலவு குறைவாக, வழிகாட்டி வைக்காமல், எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்ளும் பயணம். திட்டம் போடும் பொறுப்பு இவன் தலையில். "மாமா, நான் சுடப் போறதில்லை. கூடப் போகப் போறதும் இல்லை. கணக்கு மட்டும்தான் போட்டுத் தரேன். நாற்பது வருஷமா பேரேடு எழுதறவர் நீங்க, எங்கே குறைக்கலாம்னு பார்த்துச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தான்.

சமண வீட்டுப் பிள்ளைக்கு வேட்டைக் கணக்கா என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு தாளைப் படித்தேன். படிக்கப் படிக்க, இதே கணக்கை நம் மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வேறு சிலர் போட்டிருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அதையே கட்டுரையாக எழுதுகிறேன்.

வடக்கே ஒரு கணக்கு

கரிபு என்பது வடதுருவப் பக்கத்துப் பனிமான். ஐரோப்பாவில் வண்டி இழுக்கும் ரெயின்டீரும் இதுவும் ஒரே இனம். மான்களில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இதற்கு மட்டும்தான். அலாஸ்காவில் வெளிமாநிலத்து அமெரிக்கர் ஒருவர் பழுப்புக் கரடியையோ மலை ஆட்டையோ வேட்டையாட வேண்டுமானால் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். கரிபுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மலிவுப் பயணம் சாத்தியமாவது இந்த ஒரு விதியால்தான். வேட்டை உரிமத்துக்கு 160 டாலர், கரிபுச் சீட்டுக்கு 650 டாலர் என்று தாளில் இருந்தது. பாதிக்கு மேல் செலவு சிறு விமானத்துக்கே. சாலை இல்லாத ஊரிலிருந்து நாலைந்து பேர் அமரும் விமானம் கொண்டுபோய் ஆற்று மணலில் இறக்கிவிட்டு, குறித்த நாளில் வந்து ஏற்றிக்கொள்ளும். விமானத்தில் ஏற்றும் பாரத்துக்கு அளவு உண்டு. கூடாரம், அரிசி, அடுப்பு, துணி எல்லாம் எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். விமானத்தில் வந்த அன்றே சுடக் கூடாது. சுட்டால் உண்ணத் தகுந்த இறைச்சி முழுவதையும் மீட்டு வர வேண்டும், காட்டில் விட்டுவிட்டு வந்தால் குற்றம்.

மேற்கு ஆர்க்டிக் மந்தை எனப்படும் கரிபுக் கூட்டம் 2003-ல் 4,90,000 இருந்தது. 2023 கணக்கெடுப்பில் 1,52,000. அந்த மந்தையை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் இன்யூபியாக் என்னும் பூர்வகுடிகள். மருமகன் தாளில் ரூபாய், டாலர், ராத்தல் எல்லாம் இருந்தன. இந்த இரண்டு எண்கள் இல்லை.

ஆனைமலையில் துரைமார் தாவளம்

மழை விட்ட காலையில் நம் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அந்தத் தொடரின் உள்ளே உயரத்தில், புல்வெளியும் பாறைச் சரிவும் சேர்ந்த இடத்தில் வாழ்வது வரையாடு. சங்க நூல்களில் வருடை என்று வருவதை இதற்கே அறிஞர் பொருத்துவர். இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஆங்கிலேயர் அதை 'நீலகிரி ஐபெக்ஸ்' என்றார்கள்.

சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் என்பவர் 1862 மே மாதம் ஆனைமுடி உச்சியில் ஏறினார். 2,695 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் ஏறியதாகப் பதிவான முதல் ஏற்றம் அதுதான். அதே 1862-ல் மேற்குக் கரையிலிருந்து இருப்புப்பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போத்தனூரை எட்டியது. அதன் பிறகு படை அதிகாரிகளுக்கு விடுமுறை வேட்டை இன்னும் எளிதானது. ஹாமில்டன் தம் வேட்டைக் குறிப்புகளை எழுதி வைத்தார். 1892-ல் புத்தகமாக வந்தது. இம்மாதிரி நூல்களை நான் வேட்டைக்காகப் படிப்பதில்லை. பழைய காடு எப்படி இருந்தது, வழிகள் எங்கே போயின என்று தெரிந்துகொள்ள இவற்றைவிட்டால் அதிக ஆதாரம் இல்லை.

அன்றைய பயணத் திட்டமும் மருமகன் திட்டமும் ஏறக்குறைய ஒன்றே. ரயில் நிற்கும் இடம்வரை சாமான், அதன்பின் மாட்டு வண்டி, மலையடியில் வண்டிப்பாதை முடிந்ததும் தலைச்சுமை. அரிசி, உப்பு, கருவாடு, தார்ப்பாய், லாந்தர், தோட்டா. தண்ணீர் கிட்டும் இடத்தில் தாவளம். தாவளம் என்றால் தங்குமிடம். நம் ஊர்ப் பெயரிலும் அட்டப்பாடித் தாவளத்திலும் அந்தச் சொல் இன்றும் நிற்கிறது. மகாராஜா விருந்தாளிகளைப்போல் யானையும் நூற்றுக்கணக்கில் ஆளும் இல்லாமல், ஒரு துப்பாக்கியும் சில ஆட்களுமாகப் போகும் இளம் அதிகாரிக்கு அது மலிவுப் பயணம்தான்.

மலிவு எப்படி வந்தது? வரையாட்டு வேட்டையின் முறையைப் பார்த்தால் தெரியும். வரையாடு ஆபத்தைக் கீழிருந்து எதிர்பார்க்கும் பிராணி. பாறை விளிம்பில் படுத்து அடிவாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகையால் வேட்டைக்காரன் இருட்டோடு மேலே ஏறி, காற்றுக்கு எதிராக, மேலிருந்து இறங்கி வர வேண்டும். எந்த விளிம்பில் கூட்டம் படுத்திருக்கும், எந்தச் சரிவில் கால் நிற்கும், மூடுபனி எப்போது விலகும் என்பதெல்லாம் துரைக்குத் தெரியாது. மலை மக்களுக்குத்தான் தெரியும். மூணாறுப் பக்கத்தில் அந்த வேலை முதுவர்களுடையது. அவர்கள் பேச்சு தமிழின் கிளை. மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று அவர்களே சொல்லும் கதை உண்டு. அம்மனைச் சுமந்ததாகச் சொல்லும் முதுகு பிற்காலத்தில் துரைமார் சாமானையும் சுமந்தது. துரைமார் முக்கியமாகத் தேடியது முதுகில் வெள்ளிநிறம் படர்ந்த முதிர்ந்த கிடாவை. சுட்டபின் அது பாறையில் உருண்டு பல நூறு அடி கீழே போய்விடும். தேடி எடுக்க இறங்குகிறவரும் மலையாள்தான். வழிகாட்டுதல், சுமை, உயிர்ப்பயம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு நாள் கூலி.

சுட்டவர்களே போட்ட வேலி

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் சமணர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கொல்லாமை சொல்லி வருகிறோம். ஆனால் இந்த மலைகளில் வரையாடு இன்று மிஞ்சி நிற்பதற்கு எங்கள் உபதேசம் காரணமல்ல. பெருமளவுக்கு, வேட்டைக்காரர்களே போட்ட விதிகள்தான் காரணம்.

சுடுவதற்கு மிருகம் குறைந்துபோனதைப் பார்த்துப் பயந்து நீலகிரியில் 1877-ல் ஒரு வேட்டைச் சங்கம் ஏற்படுத்தினார்கள். 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுடக் கூடாத மாதங்கள், உரிமம் என்று கட்டுப்பாடு ஏற்பட்டது. மூணாறு மலைகளை 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் குத்தகைக்கு எடுத்தார். தேயிலை நாலாபுறமும் பரவியபோதும் இரவிகுளம் மேட்டுப் புல்வெளியைத் தோட்டத் துரைமார் தங்கள் வேட்டைக்காக ஒதுக்கி வைத்தார்கள். 1928-ல் அதற்கென ஹைரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைந்தது. முதுவர்களே காவலாளிகள் ஆனார்கள். 1971-ல் கேரள அரசு சட்டம் இயற்றி அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர்.

அந்த விதிகளில் ஓரவஞ்சனையும் இருந்தது. உரிமம் வாங்கிச் சுட்டால் விளையாட்டு, மலையாள் பசிக்குக் கண்ணி வைத்தால் திருட்டு. இருந்தாலும் பலனை மறைக்க முடியாது. 2025-ல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கில் கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303, ஆக 2,668 வரையாடுகள். இரவிகுளத்தில் மட்டும் 841. வேட்டைக்காக ஒதுக்கிய நிலம்தான் இன்று அவற்றின் பெரிய வீடு. கசந்தாலும் வரவு வரவுதான்.

என் கடையிலிருந்து போன கம்பி

துரைமாரைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்தினால் நான் பொய்க்கணக்கு எழுதியவன் ஆவேன். 1990-களில் என் கடையில் பலசரக்கோடு கொஞ்சம் இரும்புச் சாமானும் வைத்திருந்தேன். மாதத்துக்கு இரண்டு தடவை ஒருவர் வருவார். மோட்டார் சைக்கிள் கிளச் கம்பியைக் கட்டுக் கட்டாக வாங்குவார். கேட்டதும் ரொக்கம் கொடுப்பார். ஒரு ஆளுக்கு இத்தனை கிளச் கம்பி எதற்கு என்று எனக்குச் சந்தேகம் வந்தது உண்மை. வியாபாரத்தில் அப்படியெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் காட்டோரத் தோப்பில் கண்ணியில் கழுத்து இறுகிச் செத்துக் கிடந்த புள்ளிமானைப் பார்க்க நேர்ந்தது. கழுத்தில் இருந்தது அதே மாதிரிக் கம்பி. என் கடைக் கம்பிதான் என்று நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதோடு அந்தச் சரக்கை நிறுத்தினேன். செலவே இல்லாத வேட்டை என்றால் அதுதான். ஆள் காத்திருக்க வேண்டாம், தோட்டா வேண்டாம். மானா, நாயா, சிறுத்தையா என்று கம்பி பார்ப்பதில்லை. நம் பாலக்காடு மாவட்டத்திலேயே 2020 மே மாதம், வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை வாய் சிதைந்து ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. அதுவும் மலிவு வேட்டையின் விளைவுதான்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வதோடு கண்ணி வைத்தல், பொறி வைத்தல், இரை காட்டி இழுத்தல், இவற்றுக்கான முயற்சி எல்லாவற்றையும் அடக்குகிறது. எங்கள் நூல்கள் இன்னும் ஒரு படி உள்ளே போகின்றன. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதை அடியொற்றித் தமிழில் வந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்கு அநர்த்த தண்டம் என்று ஐந்தை விலக்கச் சொல்கின்றன. பயனில்லாமல் வந்து சேரும் பாவம் என்பது பொருள். அதில் ஒன்று இம்சாதானம், கொலைக்கான கருவியைக் கொடுத்தல். இன்னொன்று பாவோபதேசம், பிறர் செய்யும் கொலைக்கு யோசனை சொல்லுதல். முன்னது கம்பி விற்ற எனக்கு, பின்னது கணக்குப் போட்ட மருமகனுக்கு.

யசோதர காவியம் படித்தவர்களுக்கு மாக்கோழிக் கதை தெரியும். உயிர்க்கோழியைப் பலியிட மனமில்லாத அரசன், தாய் சொல்லைத் தட்ட முடியாமல் மாவால் கோழி செய்து வெட்டினான். வெட்டுப்பட்டது மாவுதான், ஆனாலும் எண்ணம் கொலை எண்ணமாயிற்றே. தாயும் மகனும் பிறவி பிறவியாக விலங்காய்ப் பிறந்து துன்பப்பட்டார்கள் என்று கதை போகிறது. சிறு வயதில் வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊரில் பாட்டி இதைச் சொன்னபோது, மாவுக்குப் போய் இத்தனை தண்டனையா என்று சிரித்திருக்கிறேன். கம்பிக்கட்டை நினைக்கும்போது சிரிப்பு வருவதில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் ஒரே பேரேட்டில்தான் ஏறும்.

மருமகனுக்கு எழுதியது

கணக்குத்தாளை நான் கிழிக்கவில்லை. இன்யூபியாக் மக்களுக்குக் கரிபு சாப்பாடு. காய்கறி விளையாத பனி நிலத்தில் வாழ்கிறவர்களை வேலந்தாவளத்துச் சந்தையில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் சீயாட்டில் நண்பர்களுக்குச் சாப்பாட்டுப் பஞ்சம் இல்லை. அதனால் தாளின் அடியில் மூன்று வரி சேர்த்து எழுதித் திருப்பி அனுப்பினேன். ஒன்று, மந்தையின் 2003 எண்ணும் 2023 எண்ணும். இரண்டு, அந்த மந்தையை உண்டு வாழ்கிறவர்கள் பெயர். மூன்று, கணக்குப் போட்டவன் பெயர். "செலவை எங்கே குறைக்கலாம்னு கேட்டே. இந்த மூணையும் சேர்க்காத வரைக்கும் கணக்கு முடியலை, முடியாத கணக்கில் மாமா கழிவு சொல்ல முடியாது" என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து ஃபோன் பண்ணினான். நண்பர்கள் போகத்தான் போகிறார்களாம். இவன் தாளை அவர்களிடம் கொடுக்கவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டானாம். "கோச்சுக்கிட்டாங்க மாமா" என்றான். கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது மூணாறு ராஜமலைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் குட்டி ஈனும் காலம், பூங்காவை மூடிவிடுவார்கள், அதற்குப் பின்னால் வரச் சொன்னேன். அங்கே வரையாடு மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. ஒரு காலத்தில் துப்பாக்கிக்காகக் காத்து வைத்த புல்லில், பாதையோரம் குட்டியோடு நின்று மேயும். நம் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரு முறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். போகும் வழியில் அந்தப் புல்வெளி எப்படி மிஞ்சியது என்ற கதையையும் சொல்லுங்கள்.