அப்பாவுக்கு நூறு வயது

அமரரான எனது தந்தையார் 1925ஆம் ஆண்டு மாசி மாதத்தில், தெல்தோட்டையை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தார். உயிருடன் இருந்திருந்தால் 2025இல் அவருக்கு நூறு வயது நிறைந்திருக்கும். அவர் தமது பிறந்தநாளைக் கொண்டாடி நான் கண்டதில்லை. ஆனால் தமது பிறப்புச் சான்றிதழைத் தகரப் பெட்டியில் பொன்னைப்போல் பாதுகாத்து வந்தார். அதன் காரணத்தை நான் வளர்ந்த பின்னரே உணர்ந்தேன்.

தெல்தோட்டைக்கு அருகிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலேதான் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் காலப்போக்கில் கோப்பிச் செய்கையை அழிக்க, தேயிலை மலையகமெங்கும் பரவியது. அதனைப் பரப்பிய கரங்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த எம்மவர்களுடையவை. 1892இல் மறைந்த டெய்லருக்குக் கண்டி மகியாவ மயானத்தில் கல்லறையும் கல்வெட்டும் உண்டு. எனது பாட்டனாருக்கோ பிறந்ததற்கும் பத்திரமில்லை. புதைத்த இடத்திற்கும் அடையாளமில்லை.

அந்தப் பத்திரமின்மையே அப்பாவின் வாழ்வைத் தீர்மானித்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர் வாக்களித்தார். மறு ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம், 'நீ எங்கே பிறந்தாய்?' என்று கேட்டதோடு நிற்கவில்லை. 'உன் தந்தை எங்கே பிறந்தார்?' என்றும் கேட்டது. தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று வேண்டும். பாட்டனார் இதே தோட்டத்தில் பிறந்தவர் என்பதைத் தோட்டமே அறியும். ஆனால் தோட்டம் அறிந்ததைக் கந்தோர் ஏற்கவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அப்பாவின் பெயர் இடாப்பில் இல்லை.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எம்மவரைக் கணக்கிட்டுப் பிரித்தது. இந்தியாவுக்கு 525,000 பேர். இலங்கைக்கு 300,000 பேர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அயலவர் பலர் தலைமன்னாருக்கு ரயிலேறியபோது, தாம் கண்டிராத ஊருக்குத் திரும்பிச் செல்வது எவ்வாறு என்று அப்பா கேட்டார். இந்தியப் பிரஜாவுரிமைக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமையும் கிட்டவில்லை. 1985இல் நாடற்றவராகவே கண்மூடினார்.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. எஞ்சியோருக்கு 2003இல் மற்றொரு சட்டம் வழி திறந்தது. அப்பாவுக்கு மூன்றே ஆண்டுகள் போதாமற்போயின.

தகரப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. தம் தந்தை பிறந்த இடத்தை நிரூபிக்க இயலாத மனிதர், தம் மகனுக்கு அந்நிலை நேரக்கூடாது என்றே அக்கடதாசியைக் காத்திருக்கிறார். எந்தக் கந்தோரும் அதை என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் காட்டுவேன்: என் தந்தை பிறந்த இடம், தெல்தோட்டை.