ஈயின் மூக்கு

எறும்பைத் தொல்காப்பியர் மூவறிவுயிரில் வைத்தார்; மூன்றாம் அறிவு மூக்கு. சேலையூரில் மரபியலை நடத்துகையில் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவோம். மோப்பம் எவ்வாறு நிகழ்கிறது என்ற வினாவோ அறிவியலை நெடுங்காலம் அலைக்கழித்தது.

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும், கென்யாவில் பிறந்து அவரிடம் ஆய்வு மாணவியாக வந்த வெரோனிக்கா ரோட்ரிக்ஸும் பழ ஈக்களைக் கொண்டு அதனை அணுகினர். ஈக்கு உணர்கொம்பே மூக்கு. சில மணங்களை மட்டும் அறியாது, ஏனையவற்றை வழக்கம்போல் அறியும் பிறழ்வு ஈக்களைப் பிரித்தெடுத்தனர். 1978இல் கட்டுரை வெளிவந்தது. ஒவ்வொரு வகை மணத்துக்கும் தனி வழி உண்டு, அது மரபணுவில் எழுதப்பட்டுள்ளது என்பதற்கான தடயம் அது.

மணமேற்பிகளின் மரபணுக்களை லிண்டா பக்கும் ரிச்சர்டு ஆக்செலும் எலியில் கண்டறிந்தது 1991இல். நோபல் பரிசு 2004இல். அப்பெயர்களை அறிந்த நம்மில் எத்தனை பேர் ரோட்ரிக்ஸை அறிவோம்? 2010இல் அவர் மறைந்தார். இப்போதெல்லாம் எறும்பு நூற்பாவை நடத்துகையில் அந்த ஈயையும் சேர்த்தே சொல்கிறோம்.