தினைப்புனத்தில் பறந்த கொக்கு

  

'மண்ணின் இசையையும் தமிழையும் காத்தது நகரத்துச் சபாவா, ஊர்த் திருவிழாவா?' என்பது தலைப்பு. எதிரணி நண்பர், 1928-ல் சென்னையில் மியூசிக் அகாடமி தொடங்கிய கதையை அழகாகச் சொன்னார். மறுக்கவில்லை. மார்கழிக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டால் சங்கீதம் சுகமாகத்தான் இருக்கும். நமக்குக் குளிர் ஏதுங்க? இது கந்தக பூமி! (சிரிப்பு)

இந்த வறண்ட சீமையில் கலைஞனுக்குப் படி அளந்தது யார்? தலைக்கட்டு வரிதான். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, அம்மன் கோயில் பொங்கலுக்கு விடிய விடிய 'வள்ளி திருமணம்' போட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய நாடகம். அதை ஸ்பெஷல் நாடகமாகப் போடுவார்கள். அதில் ஒரு கம்பெனி மொத்தமாக வந்து இறங்காது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. மேடை ஏறிய பிறகுதான் முருகனும் வள்ளியுமே ஒருத்தருக்கொருத்தர் அறிமுகம் ஆவார்கள்! தர்க்கம் வந்தால் அங்கேயே கேள்வி, அங்கேயே பாட்டில் பதில். யோசித்துப் பார்த்தால் நம்ம பட்டிமன்றத்துக்குப் பாட்டனே அதுதான்.

அந்த மேடையில் நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்துச் சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்து தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-ல். அதற்கு 37 வருஷத்துக்கு முன்னாடியே, 1886-ல், அந்த ஊரில் ஒரு நெருப்பு பிறந்துவிட்டது. பெயர் விஸ்வநாததாஸ். (கைதட்டல்) பிறகு திருமங்கலத்தில் வாழ்ந்தார்.

போட்டது முருகன் வேஷம். பாடியது தேச விடுதலை. தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற கட்டம் இருக்கிறதல்லவா? பறவைகளில் கொக்கு வெள்ளை. அந்தக் கொக்கை வெள்ளைக்காரனாக ஆக்கிப் பாடினார். பச்சைப்பிள்ளைக்குக்கூடப் புரிந்தது. பத்திரிகை படிக்கத் தெரியாத சம்சாரி, வண்டி கட்டிக்கொண்டு வந்து, அரசியல் பாடம் கேட்டுவிட்டுப் போனான். போலீசுக்கும் புரிந்தது. பாடின குற்றத்துக்குப் பலமுறை சிறை போனார் தாஸ். சபாவில் பாடி ஜெயிலுக்குப் போன வித்வான்கள் எத்தனை பேர்? எதிரணி பதில் சொல்லட்டும்.

என் அணிக்குப் பாதகமான ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். மறைத்தால் நான் வாத்தியார் இல்லை. விஸ்வநாததாஸ் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர். அந்தக் காரணத்துக்காகவே அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டோம் என்று நடிகைகள் மறுத்தார்கள். ராத்திரி பூரா முருகன் என்று கும்பிட்ட சனம், விடிந்ததும் சாதி பார்த்தது. வரி கொடுத்து அவருக்கு மேடை போட்டதும் ஊர்தான். மேடையை விட்டு இறங்கியவரைத் தள்ளி நிறுத்தியதும் ஊர்தான். விழா எடுக்கிறபோது பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த வலியை விட்டுவிடுகிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1940 டிசம்பர் 31. சென்னையில் நாடகம். 'அப்ப அவரைக் கடைசியில் ஏற்றது சென்னைதானே' என்று எதிரணி துள்ள வேண்டாம். அது நாடகக் கொட்டகை, சபா இல்லை! அதே வள்ளி திருமணம். மயில்மேல் அமர்ந்து முருகனாகப் பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மேடையிலேயே உயிர் பிரிந்தது. வயது 54.

திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. மதுரைக்குப் போகிற வழிதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

இன்னொன்று. அவர் பிறந்த ஊர்தான் இன்றைக்கு நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கிறது. என் வீட்டுச் சுவரிலும் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. கடைசித் தாளை, டிசம்பர் 31-ஐ, தூக்கிப் பார்த்தேன். ராகு காலம் இருக்கு. எமகண்டம் இருக்கு. சூலம்கூட இருக்கு. விஸ்வநாததாஸ் பேரைத்தான் காணோம்.

மணி அடிச்சாச்சு. நடுவர் என்னையே பார்க்கிறார்.