ஜொகூரில் ஆசிரியர் கல்வியும் நூலகமும்: தமிழ் நூல்களுக்கு இடம் தேடிய வரலாறு

மலாயாத் தமிழ்ப் பள்ளிகளின் வரலாற்றைக் கட்டடம், பாடநூல், மாணவர் தொகை ஆகியவற்றை வைத்தே பெரும்பாலும் எழுதி வந்திருக்கிறோம். ஆசிரியர் எதைப் படித்தார், அந்த நூல் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்வி பின்தங்கிவிட்டது. ஜொகூரைப் பொறுத்தவரை இக்கேள்வியே முதன்மையானது என்பது என் கருத்து.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களில் விதித்தது. ஜொகூர் அந்தக் கூட்டில் சேரவில்லை. ஆயினும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகப் பெருக இங்கும் பள்ளிகள் எழுந்தன. வகுப்பில் நின்றவர் பல இடங்களில் கங்காணி அல்லது கிராணி. பயிற்சி பெற்றவர் அரிது. பாடநூல்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தன. அவை மாணவனுக்கானவை. ஆசிரியர் தம் அறிவை வளர்த்துக்கொள்ள எடுத்துப் படிக்கும் நூல்களைப் பற்றித் தோட்ட நிர்வாகம் கவலைப்பட்டதில்லை.

இந்நிலையில் முதல் பெரிய திருப்பம் பல்கலைக்கழகத்தின் பக்கமிருந்து வந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்தால் போதும். அங்கே இந்திய இயல் துறை அமையவிருந்தபோது தமிழுக்கு முதலிடமா, வடமொழிக்கா என்ற விவாதம் மூண்டது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடியதோடு, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டும் இயக்கத்தையும் நடத்தினார். அந்தப் பணம் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்கானது. கொடுத்தவர்களில் சாதாரண உழைப்பாளிகள் பலர். தாங்கள் கால் வைக்க வாய்ப்பில்லாத ஒரு நூலகத்துக்காக அவர்கள் கொடுத்தார்கள். மலேசியத் தமிழ்க் கல்வி வரலாற்றில் இதற்கு இணையான நிகழ்வை என்னால் எளிதில் சுட்ட முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல் நிலைபெற்றதில் அரசாணைக்கு இருந்த பங்கைவிடச் சமூகத்தின் பங்கு குறைந்ததன்று.

துறை பின்னர் கோலாலம்பூரில் வேரூன்றியது. 1961இல் அங்கு வந்த தனிநாயகம் அடிகள், தமிழியல் ஆய்வுக்கான நூல்களைப் பட்டியலிட்டு ஒரு வழிகாட்டி நூலைத் தொகுத்தார். மலாயாப் பல்கலைக்கழக அச்சகம் அதனை 1966இல் வெளியிட்டது. முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் அதே ஆண்டில்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் இராம. சுப்பையா தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ பட்டியலைப் பல்கலைக்கழக நூலகமே 1969இல் வெளியிட்டது. நூல் சேர்ப்பது ஒரு பணி, எந்த நூல் இருக்கிறது என்று தெரியவைப்பது இன்னொரு பணி. இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் ஆய்வாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அந்தத் தொகுப்பு முழுமையாகப் பயன்பட்டது.

ஜொகூரின் பல்கலைக்கழகங்கள் வேறு பாதையில் வளர்ந்தன. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கி, 1975இல் இன்றைய பெயரைப் பெற்று, 1980களில் ஜொகூருக்கு வந்தது. அதன் சுல்தானா சனாரியா நூலகம் முதலில் பொறியியலின் தேவையை ஒட்டியே வளர்ந்தது; கல்வியியல் அதனுள் பிற்பாடு இடம்பிடித்தது. பத்து பகாட் வட்டாரத்தில் பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தின் தோற்றமோ ஆசிரியர் பயிற்சியோடு நேரடித் தொடர்புடையது: 1993இல் பாலிடெக்னிக் விரிவுரையாளர்களைப் பயிற்றுவிக்கும் மையமாகப் பிறந்து, 2007இல் முழுப் பல்கலைக்கழகமானது. இரண்டிலும் தமிழ்த் துறை இல்லை. எனவே கோலாலம்பூரில் நிகழ்ந்ததைப் போன்ற தமிழ்த் தொகுப்பு முயற்சிக்கு இங்கே இயல்பான களம் அமையவில்லை.

ஆனால் ஆசிரியரின் தேவை மாறிவிட்டது. பயிற்சிக் கல்லூரிகளின் சான்றிதழ் 1990களில் டிப்ளோமாவாகவும், 2007 முதல் இளங்கலைப் பட்டமாகவும் உயர்ந்தது. ஜொகூரில் தெமெங்கோங் இப்ராஹிம், துன் உசேன் ஓன் ஆகிய இரு ஆசிரியர் கல்விக் கழக வளாகங்கள் உள்ளன. இன்றைய பயிற்சி ஆசிரியர் பயிற்றுப்பணியில் தாம் கண்ட சிக்கலை எடுத்துக்கொண்டு செயலாய்வு எழுத வேண்டும். முந்தைய ஆய்வுகளைத் தேட வேண்டும், மேற்கோள் காட்ட வேண்டும். அதனால்தான் பல்கலைக்கழக நூலகங்கள் நடத்தும் தகவல் தேடல் பயிலரங்குகளும், மேற்கோள் மென்பொருள் வகுப்புகளும், நூல் கண்காட்சிகளும் கல்வி மாணவர்க்குப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி போலவே ஆகிவிட்டன. பட்டம் பெற்றுப் பள்ளிக்குப் போனதும் அதே ஆசிரியர் வள நிலையத்தின் பொறுப்பையும் நிலாம் வாசிப்புத் திட்டத்தையும் ஏற்க நேரலாம். நூலகப் பழக்கம் இல்லாதவர் அதை எப்படி நடத்துவார்?

தமிழ் மூலங்களுக்கு இன்று இணையம் ஓரளவு வழிவிட்டிருக்கிறது. பழைய ‘தமிழ் முரசு’ இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017 முதல் இயங்குகிறது. இருந்தாலும் குளுவாங்கிலோ மாசாயிலோ ஒரு தமிழ்ப் பள்ளி வெளியிட்ட ஆண்டுமலரை இவற்றில் தேடிப் பயனில்லை. உள்ளூர்ச் சான்றை உள்ளூர் நூலகமே காக்க வேண்டும்.

ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் ஆண்டுமலர், பழைய பாடநூல், ஆசிரியர்களின் செயலாய்வு ஆகியவற்றில் ஒரு படியை மாநிலத்தின் பல்கலைக்கழக நூலகம் ஒன்றுக்கு வழங்க வேண்டும்; நூலகங்களும் அவற்றைத் தமிழ் எழுத்திலேயே பட்டியலிட முன்வர வேண்டும். ‘தமிழ் மலேசியானா’ வெளிவந்த 1969க்குப் பின் ஜொகூரில் வெளியான தமிழ் நூல்களின் பட்டியலைத் தொகுக்கும் வேலையைப் பயிற்சி ஆசிரியர்களே இப்போது கையில் எடுக்கட்டும்.